சவுக்காரக் குதிரை பூட்டிய தேர்

இதை எழுதவேண்டும் என்று எத்தனையோ தரம் பேனையை எடுத்திருக்கிறேன். எடுத்த வேகத்திலேயே வைத்தும் இருக்கிறேன். முதலில் தம்பி உள்ளே இருந்தான். லண்டனில் நான் எழுதுகிற ஒரு வரி அங்கே அவன் முதுகில் அடியாக விழுந்துவிடுமோ என்று பயம். அவன் வெளியே வந்தபிறகு, இங்கே எங்கள் ஆட்கள் என்ன கதைப்பார்களோ என்று தயக்கம். அதற்கும் மேலே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். புத்தகம் எழுதுகிறவர்களுடைய தமிழ் எனக்கு வராது. ஆனால் நடந்ததை வேறொருவர் வேறுவிதமாக எழுதி, அச்சடித்து, மண்டப வாசலில் வைத்துக் கொடுத்துவிட்டார். இனியும் பேசாமல் இருந்தால் நானும் அந்தப் பொய்க்குத் தலையாட்டியது போலாகிவிடும். அம்மாளாச்சி சாட்சியாகச் சொல்கிறேன், நடந்தது இதுதான்.

என் தம்பியைக் கொழும்பில் வைத்துப் பிடித்தார்கள். வேலைக்குப் போகிற வழியில், பஸ்ஸால் இறங்கிய இடத்தில். என்ன குற்றம் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தவணை என்று நீதிமன்றத்துக்குக் கொண்டு போவார்கள், அடுத்த தவணை என்று திரும்பக் கொண்டுவந்து அடைப்பார்கள். வழக்கே போடாத ஒருவனுக்கு என்ன தவணை? கேட்க ஆளில்லை. அம்மா ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்து, ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு, சோற்றுப் பார்சலோடு சிறை வாசலில் நிற்கத் தொடங்கினார். இங்கே லண்டனில், சட்டன் பக்கத்து வீட்டில் நான் சமைத்து வைத்த சோறு ஆறிப்போய்க் கிடக்கும்.

அந்தச் சிறைக்குள்ளிருந்துதான் தேர் வந்தது.

ஒரு சாண் உயரம். அதற்குமேல் இல்லை. தட்டுகளெல்லாம் சவுக்காரப் பெட்டி மட்டை. கால்கள் விளக்குமாற்று ஈர்க்கு. கலசம் பற்பசைக் குழாயின் தகடு. சில்லுகள் தேங்காய்ச் சிரட்டையில் தேய்த்தவை, உருளும். முன்னால் பாய்கிற குதிரைகள் குளிக்கிற சவுக்காரக் கட்டியில் செதுக்கியவை. கிட்டப் போனால் இன்னும் வாசம் வரும். கத்தியா கொடுப்பார்கள் அங்கே? கரண்டிக் காம்பைச் சிமெந்து நிலத்தில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினானாம். செங்கல்லை உரைத்துச் சிவப்பு. ஒட்டியது சோற்றுப் பசை. வடம் அவன் இடுப்பில் உடுத்திருந்த சாரத்திலிருந்து நூல் நூலாக உருவித் திரித்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் அதை பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து, மடியிலேயே ஹீத்ரோ வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

எதற்காகச் செய்தான்? எங்கள் அம்மன் கோயில் இராணுவம் அடைத்துவைத்த நிலத்துக்குள் போய்விட்டது. பெரிய தேர் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. இழுக்க ஊரும் இல்லை, போக வழியும் இல்லை. ஓடாத அந்தத் தேரைத் தம்பி தன் உள்ளங்கைக்குள் செய்து ஓட விட்டான். அம்மா ரெலிபோனில் அவன் சொல்லிவிட்டதை அப்படியே சொன்னார்.

"ஆடிப்பூரத்துக்கு முதல்நாள் தேர். அண்டைக்கு அக்கா அங்க வடம் பிடிக்கட்டும். நான் இஞ்ச பிரதட்டை பண்ணுவன். தேர் வெளிக்கிட்டா சுத்தித் திரும்பி இருப்புக்கு வரவேணும். இடையில நிண்டிடக் கூடாது. நான் வெளிய வரும்வரைக்கும் ஒரு வருசமும் பிசகக் கூடாது எண்டு நேத்தி வைச்சிருக்கிறன்."

தேருக்குப் பின்னால் ஆண்கள் வீதியிலே உருண்டு வருவதைத்தான் பிரதட்டை என்போம். வீதியில் உருளலாம். ஆளுக்கு மேல் ஆள் படுக்கிற சிறைக்குள் எப்படி உருள்வது? மற்றக் கைதிகள் கால்களை மடக்கி, சுவரோடு ஒதுங்கி, வழி விடுவார்களாம். சிங்களப் பொடியன் ஒருவன் "மெள்ள, மெள்ள" என்று தண்ணீர் தெளிப்பானாம். இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. நான்தான் அழுதேன்.

எங்கள் வீட்டில் முன்னறையே வீதி. சாமித்தட்டு இருக்கிற மூலைதான் இருப்பு. முதல் வருடம் கார்பெற்றில் சில்லு சிக்கிக்கொண்டது. என் கணவர் முழங்காலில் நின்று பார்த்துவிட்டு, "கவுன்சிலுக்குப் போன் பண்ணி றோட்டுப் போடச் சொல்லட்டோ?" என்றார். பிறகு அவரே ஒரு துண்டு லினோலியம் வாங்கிவந்து விரித்தார். தேருக்குள்ளே அம்மனின் சின்னப் படத்தை வைத்து, பின்வளவில் தேங்காய் உடைத்து, வடத்தை இரண்டு விரலால் பிடித்து, சோபாவைச் சுற்றி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி, திரும்ப மூலைக்குக் கொண்டுவருவோம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது இருப்புக்கு வந்து நிற்கிற நேரம் எனக்கு மேல் புல்லரிக்கும். பின்னேரம் அம்மா ரெலிபோன் எடுப்பார். "இருப்புக்கு வந்திட்டுதோ?" "ஓமம்மா, வந்திட்டுது." அந்தப் பதில்தான் அடுத்த சந்திப்பில் கம்பிக்குள்ளால் தம்பிக்குப் போகும். சோற்றுப் பார்சலை விட அதைத்தான் அவன் முதலில் கேட்பானாம்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த தேரைத்தான் இங்கே நிற்பாட்டப் பார்த்தார்கள்.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். படித்தவர், நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசை. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் சாமித்தட்டில் தேரைக் கண்டார்.

"இது ஆர் செய்தது, பிள்ளை?"

சொன்னேன்.

"அடே! இது பூட்டி வைக்கிற சாமானே? வெள்ளைக்காரர் ஒரு கண்காட்சி வைக்கினம். உலகம் முழுக்கச் சிறையில இருக்கிற ஆக்கள், சொந்த மண்ணைப் பறிகுடுத்த சனங்கள், கையால செய்த சின்னச் சின்னச் சாமானுகள். எங்கடை பக்கத்தால ஒண்டும் இல்லை. இதைக் குடும். நாலு பேர் பார்க்கட்டும்."

"அண்ணை, ஆடிப்பூரத்துக்கு முதல் திரும்பி வரவேணும். தேர் இழுக்கிற நாள்."

"அதுக்கு முதலே முடிஞ்சிடும். நானே கொண்டுவந்து தாறன்."

எனக்கு ஆங்கிலம் குறைவு. அவர் நன்றாகப் பேசுவார். தம்பியைப் பற்றி, வழக்கில்லாமல் அடைத்து வைத்திருப்பதைப் பற்றி, நாலு பேருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். வடத்தைச் சுருட்டி, குதிரைகளுக்குப் பஞ்சு சுற்றி, அதே பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துக் கொடுத்தேன். "வடம் கவனம் அண்ணை" என்று வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன்.

ஆடி பிறந்தது. தேர் வரவில்லை. வெள்ளிக்கிழமை விம்பிள்டன் கோயிலுக்குப் போனபோதும் மனம் அங்கே நிற்கவில்லை. திரும்பி வந்து பெரியவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஓ, அதோ? நல்ல வரவேற்பு, பிள்ளை. இன்னும் ஒரு மாதம் நீட்டியிருக்கினம். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"என்னைக் கேக்காமல் என்னெண்டு அண்ணை ஓமெண்டனீங்கள்? திங்கக்கிழமை தேர்!"

"உது என்ன உண்மையான தேரே, பிள்ளை? அடுத்த வருசம் இழுக்கலாம்தானே. இப்ப போய் எடுத்தால் எங்கடை மரியாதை என்ன ஆகிறது?"

எங்கடை மரியாதை! ஒருவன் சிமெந்து நிலத்தில் உருள்கிறான். அவனுடைய மரியாதை ஒருவருக்கும் கணக்கில்லை. முன்வரிசைக் கதிரைக்குத்தான் மரியாதை. ரெலிபோனை வைத்துவிட்டு அம்மாளாச்சி படத்துக்கு முன்னால் நின்றேன். கும்பிட வரவில்லை.

திங்கட்கிழமை என் கணவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். காலையிலேயே குளித்து, அவர் வேட்டி கட்டி அதற்குமேல் கோட்டும் போட்டுக்கொண்டு, இருவருமாக ரயிலேறினோம். ஆற்றங்கரையில் ஒரு பழைய தேவாலயத்தை மண்டபமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகள். தீக்குச்சியில் செய்த வீடு, பாண் மாவில் செய்த பறவைகள், பல்துலக்கும் பிரஷ்ஷில் தேய்த்த ஒரு சின்ன மீன். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் நின்று பார்த்தேன். எல்லாம் தம்பியின் கைகள்தான் என்று தோன்றியது.

நடுவில் ஒரு பெட்டிக்குள் பளபளவென்று ஒரு தேர் நின்றது. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். என் கணவர்தான் கையைப் பிடித்து நிற்பாட்டினார்.

"இஞ்சாரும். இதுதான்."

தங்க நிறம். ஸ்பிறே அடித்த தங்க நிறம். செங்கல் சிவப்பு இல்லை. பெட்டி மட்டை தெரியவில்லை. கலசமும் தங்கம், குதிரையும் தங்கம், சிரட்டைச் சில்லும் தங்கம். சில்லுகளைப் பலகையோடு சேர்த்துப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். வடத்தைக் காணவில்லை. கீழே ஒரு அட்டை. அதில் விளையாட்டுத் தேர், இலங்கை, கைதி ஒருவரின் பொழுதுபோக்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும்.

பொழுதுபோக்கு! வழக்கில்லாமல் ஒருவனுடைய பொழுதையெல்லாம் பறித்துவிட்டு, அதில் அவன் கும்பிட்டதற்குப் பெயர் பொழுதுபோக்கு.

அந்த நேரம் பெரியவரும் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை தேர் என்று நான் சொன்னதிலிருந்தே நாங்கள் போவோம் என்று ஊகித்திருக்கவேண்டும்.

"பிள்ளை, சத்தம் போடாதையும். ஆக்கள் பாக்கினம்."

"ஆரண்ணை இதுக்குத் தங்கம் பூசினது?"

"நான்தான். மங்கிப்போய்க் கிடந்தது. கோயிலுக்குக் கும்பாபிஷேகம் எண்டால் பெயின்ற் அடிக்கிறேல்லையே? அப்பிடி நினையும்."

"சில்லை ஏன் ஒட்டினனீங்கள்?"

"உருண்டு விழுந்து உடைஞ்சால் நீர்தானே என்னைப் பேசுவீர்."

"வடம்?"

"அந்த அழுக்கு நூலோ? அதைக் கட்டி வெள்ளைக்காரன் பாக்கிற இடத்தில வைக்கேலுமே? எங்கடை பிச்சைக்காரத்தனத்தை ஏன் ஊருக்குக் காட்டுவான்? எறிஞ்சுபோட்டன்."

என் கணவர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு, "அண்ணை, அது என்ர மச்சான்ர சாரம்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரப் பெண் சத்தம் கேட்டு வந்தார். பெரியவர் உடனே சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றேன். இலக்கணம் எங்கே போனதோ தெரியாது. "நோ டோய். டெம்பிள். மை பிரதர், நோ கேஸ், இன் பிரிசன். டுடே காட் கோ, டுடே காட் கம் ஹோம்" என்றேன். பிறகு என் கணவரும் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பிரதட்டையைச் சொல்ல அவருக்கும் வார்த்தை வரவில்லை. கையைத் தலைக்குமேல் கூப்பி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கியது. முகம் சிவந்துவிட்டது. எங்களைப் பக்கத்துப் பெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சொல்லச் சொல்ல என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார். அதற்குள் ஒரு சின்னத் தோணி இருந்தது. கனடாவில் பூர்வகுடி மனிதர் ஒருவர் சிறையில் கடதாசி மட்டையிலும் சப்பாத்து நூலிலும் செய்ததாம். நூல் அழுக்காகத்தான் இருந்தது. அதை ஒருவரும் கழுவவில்லை, ஒருவரும் பூசவில்லை. பெட்டி மற்றவை போல இல்லாமல் கோணலாக நின்றது. தோணியின் முனை எப்போதும் தண்ணீரைப் பார்த்து இருக்கவேண்டும் என்று அந்த மனிதருடைய வீட்டார் கேட்டார்களாம். அதனால் பெட்டியையே ஆற்றுப் பக்கம் திருப்பி வைத்தார்களாம்.

பிறகு அந்தப் பெண் பெரியவரைப் பார்த்துக் கேட்டார். "உங்களிடமும் கேட்டோமே. இதை எப்படி வைக்கவேண்டும், வீட்டார் ஏதாவது சொன்னார்களா என்று. ஒன்றுமில்லை, வெறும் விளையாட்டுச் சாமான் என்றுதானே சொன்னீர்கள்?"

அதுவரைக்கும் எனக்கு அந்த அட்டையை எழுதிய வெள்ளைக்காரர்மேலும் கோபம். அந்த நொடியில் அது திசைமாறியது. இவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு தோணிக்காகப் பெட்டியைத் திருப்பியவர்கள் எங்கள் தேருக்காக ஒரு நாள் கதவைத் திறந்திருக்க மாட்டார்களா? கேட்டவர்களுக்கு, ஒன்றுமில்லை என்று சொன்னது எங்கள் வாய். நாங்கள் நம்பி அனுப்பிய வாய்.

"ஏனண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சாமி, நேத்தி, பிரதட்டை எண்டெல்லாம் சொன்னால் எங்களைக் காட்டுச் சனம் எண்டு நினைப்பினம், பிள்ளை. உமக்கு இந்த ஊர் விளங்காது."

கண்ணாடியைத் திறந்தார்கள். பலகையில் இருந்து தேர் வரவில்லை. பலகையோடு தூக்கிக்கொண்டு நடந்தோம். ரயிலில் அதை மடியில் வைத்திருந்தேன். மூடவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் கணவர் நகப்பூச்சு கழுவுகிற தண்ணீரைப் பஞ்சில் எடுத்துச் சில்லுகளைச் சுற்றி ஒற்றினார். பசை மெல்ல மெல்ல விட்டது. தங்கமும் விட்டது. ஆனால் தங்கத்தோடு சேர்ந்து தம்பி பூசிய செங்கல் சிவப்பும் வழிந்து வந்தது. பஞ்சைப் பார்த்தேன். இரத்தம் துடைத்தது போல இருந்தது. "காணும், விடுங்கோ" என்றேன். தேர் பலகையை விட்டுக் கழன்றது. ஆனால் பின்சில்லு இரண்டும் அச்சோடு இறுகிப் போயிருந்தன. முன்சில்லுகள் மட்டும் உருண்டன.

வடம்? என் கணவர் கட்டியிருந்த வேட்டியின் கரையைக் கிழித்துத் தந்தார். நூல் உருவினேன். என் கைக்குத் திரிக்க வராது. முறுக்கு விட்டுவிட்டுப் பிரியும். ஒரு முழம் திரிக்கவே எனக்கு இந்தப் பாடு. தம்பி எப்படித் திரித்தானோ! திரித்துக்கொண்டே அந்தப் பெரியவரைத் திட்டினேன், அம்மனுக்கு முன்னாலேயே. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே தேங்காய் உடைத்தோம். தேர் வெளிக்கிட்டது. பின்சில்லு உருளாமல் லினோலியத்தில் இழுபட்டுக் கீறியது. சோபா முனையில் ஒருதரம் நின்றே விட்டது. என் கணவர் குனிந்து பின்னாலிருந்து ஒரு விரலால் தள்ளினார். ஊரிலும் பெரிய தேர் அசையாவிட்டால் பின்னால் நின்று கட்டை போட்டு நெம்புவார்கள். அவர் வாய்க்குள்ளேயே "அரோகரா" என்றார். நான் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும். தேர் இருப்புக்கு வந்தது.

அம்மா ரெலிபோன் எடுத்தார்.

"என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? இருப்புக்கு வந்திட்டுதோ?"

"ஓமம்மா. வந்திட்டுது."

அது மட்டும் சொன்னேன். அது உண்மை.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சங்கத்தின் ஆண்டுமலர் வந்தது. அதிலே தங்கத் தேரின் படம், பக்கத்தில் பெரியவர். இலங்கைக் கைதி ஒருவர் பொழுதுபோக்காகச் செய்து பழுதடைந்திருந்த விளையாட்டுத் தேரைத் தாம் பொன்வண்ணம் தீட்டிப் புதுப்பித்து, உலக அரங்கில் தமிழனின் கலையை உயர்த்தினாராம். வழக்கில்லாமல் அடைத்து வைத்திருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நேர்த்தி இல்லை. சாரம் இல்லை. சிறையே இல்லாதது மாதிரி ஒரு சிறைக் கதை. அதைப் படித்துவிட்டு ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் என்னிடம், "உங்கடை தேரை அவர்தானாமே திருத்தித் தந்தவர்?" என்று கேட்டார்கள். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

தம்பி வருடங்கள் கழித்து வெளியே வந்தான். பிடித்தபோது சொல்லாதவர்கள் விடும்போதும் ஏன் பிடித்தோம் என்று சொல்லவில்லை. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எழுதமாட்டேன். வெளியே வந்து என்னோடு முதல் முதல் கதைத்தபோது அவன் கேட்டது, "அக்கா, வடம் இன்னும் பலமா இருக்கோ?" என்றுதான்.

இனி மறைக்க ஏலாது. எல்லாவற்றையும் சொன்னேன். தங்கம், பசை, அட்டை, எறிந்த நூல், எல்லாம்.

"அண்டைக்குத் தேர் நிண்டதோ, ஓடினதோ?"

"ஓடினது தம்பி. இழுபட்டு இழுபட்டு ஓடினது."

"அப்ப நேத்தி பிசகேல்லை." பிறகு சொன்னான்: "ஆனா அக்கா, அதைத் தங்கமெண்டு சொல்ல விடாதையுங்கோ. பசிக்குத் தந்த சோத்தில மிச்சம் பிடிச்சு ஒட்டினது. அதைத் தங்கமெண்டால் நான் அங்க இருக்கவே இல்லை எண்டமாதிரிப் போயிடும்."

அதனால்தான் எழுதினேன். தேர் இன்னும் எங்கள் சாமித்தட்டில் நிற்கிறது. ஒரு பக்கம் தங்கம், ஒரு பக்கம் வெறும் மட்டை. மிச்சத் தங்கத்தைத் தம்பி வந்தால் அவன் கையாலேயே எடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் தமிழைத் திருத்தவேண்டாம். சவுக்காரத்தைச் சவுக்காரம் என்றே சொல்லுங்கள், சாரத்து நூலைச் சாரத்து நூல் என்றே சொல்லுங்கள். வழக்கில்லாமல் அடைத்தார்கள் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டாம். மங்கிக் கிடக்கிறதே என்று நினைத்து நீங்களும் இதற்கு ஒரு பூச்சுப் பூசிவிடாதீர்கள்.